கூரை ஒழுகுகிறதா? துணியைக் கடைசியில் பாருங்கள்

மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் நண்பரின் துணிக்கூரைக் காருக்குள் ஒரு வாடை போகவில்லை. ஈரச் சாக்கைச் சுருட்டி மூலையில் போட்டால் வருமே, அந்த வாடை. நண்பர், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டு கார்பெட்டை அழுத்தினார். விரலிடுக்கில் தண்ணீர் பிதுங்கி வந்தது. "கூரைத் துணி போச்சு, புதுசு போடணும்" என்றார், பாதி அழுகையாக.

துணியைத் தடவித் தடவிப் பார்த்தேன். கிழிசல் இல்லை, தையலும் விடவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் கூரையின் பின் மூலையில், துணி போய் உடலோடு சேரும் இடத்தில் மெல்ல ஊற்றினோம். அந்தத் தண்ணீர் ஓரிரு நொடியில் வண்டிக்கு அடியில், பின் சக்கரத்துக்கு முன்னால் சொட்டியிருக்க வேண்டும். சொட்டவில்லை. இருக்கைக்குப் பின்னால் இருந்த வடிகால் துளையில் விரலை விட்டால், சருகும் தூசியும் சேர்ந்து சாணி உருண்டை மாதிரி இறுகிக் கிடந்தது. தோண்டி எடுத்ததும் 'களக்' என்று ஒரு சத்தம். தேங்கியிருந்த தண்ணீர் அத்தனையும் கீழே இறங்கிவிட்டது. பத்து நிமிட வேலை. அந்தத் துணி இன்னும் அதே வண்டியில்தான் இருக்கிறது.

துணிக்கூரையில் எந்தக் கோளாறு வந்தாலும் முதல் பழி துணியின் மேல்தான் விழும். கண்ணுக்குத் தெரிவது அதுதானே! ஒழுகல், காற்றிரைச்சல், பாதியில் நின்றுபோகும் கூரை என்று எதை எடுத்தாலும் கோளாறு பெரும்பாலும் வேறெங்கோ ஒளிந்திருக்கும். ஒரு ரப்பர் பட்டையில், ஒரு அடைபட்ட குழாயில், அறுந்துபோன கேபிளில், டிக்கிக்குள் சரியாக மாட்டாத ஒரு தடுப்பில். இருப்பதிலேயே பெரிய செலவு துணி மாற்றுவது. அதனால் அதைக் கடைசியாகச் சந்தேகப்படுவதுதான் புத்திசாலித்தனம்.

மேலே இருப்பது என்னென்ன

துணிக்கூரை என்றதும் ஆடம்பரம் என்று தோன்றும். எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1948இல் வெளியான சித்ரோன் 2சிவி, 1957இல் வந்த ஃபியட் 500 இரண்டும் ஏழை எளியவர்களுக்கான வண்டிகள்தான். இரண்டிலும் சுருட்டி வைக்கும் துணிக்கூரை இருந்தது. இரும்பும் மிச்சம், எடையும் குறைவு. இங்கே நாம் பேசுவது கூரை முழுவதும் மடிந்து பின்னால் போகும் கன்வெர்டிபிள் வண்டிகளைப் பற்றி.

துணியில் இரண்டு சாதி. ஒன்று ரெக்சின் போன்றது: துணி முதுகின் மேல் பிவிசி பூசியது. துடைத்தால் பளபளக்கும், விலை குறைவு, ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் விறைத்து மடிப்புகளில் வெடிக்கும். இன்னொன்று நெய்த துணி. ஸ்டேஃபாஸ்ட், சோனன்லாண்ட் என்ற பெயர்களில் கிடைப்பவை இந்த வகை. பார்க்க ஒரே துணியாகத் தெரிந்தாலும் இது மூன்று அடுக்கு: மேலே சாயம் போகாத அக்ரிலிக் நெசவு, நடுவில் ரப்பர், உள்ளே பருத்தியோ பாலியெஸ்டரோ. மழையைத் தடுப்பது நடுவில் இருக்கும் ரப்பர்தான். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு வீண் பயம் போய்விடும். மேல் நெசவு ஈரத்தைக் குடித்து கருத்துப்போய்க் கிடந்தால் கூரை ஒழுகுகிறது என்று பொருளில்லை. மேலே பூசியிருந்த நீர்விலக்கி தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். உள்பக்கம் தொட்டுப் பாருங்கள், காய்ந்திருக்கும்.

துணிக்கு அடியில் ஒரு சட்டகம். குறுக்கே வளைந்து ஓடும் கம்பிகளை வில் என்று வைத்துக்கொள்வோம். கூடாரத்துக்குக் கழி மாதிரி அவை துணியைத் தூக்கிப் பிடிக்கின்றன. முன்கண்ணாடிச் சட்டத்தில் வந்து பூட்டிக்கொள்வது முன் வில். பக்கவாட்டில், துணியின் ஓரத்தில் தைத்த பைக்குள் ஒளிந்து ஒரு மெல்லிய எஃகு கேபிள் முன்னிருந்து பின்வரை போகும். அதன் ஒரு முனையில் ஸ்பிரிங். துணியின் ஓரத்தைக் கதவுக் கண்ணாடிக்கு மேலே இழுத்துப் பிடிப்பது இதன் வேலை. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, அது அறுகிறவரை.

பிறகு ரப்பர் பீடிங்குகள், அதாவது இடுக்கை அடைக்கும் பட்டைகள். முன்கண்ணாடி மேல், கதவுக் கண்ணாடிகளைச் சுற்றி, கதவுக்குப் பின்னால் சின்னக் கண்ணாடி இருந்தால் அதன் ஓரம் என்று துண்டு துண்டாக ஓடும். கடைசியாக, துணியின் பின் விளிம்பு உடலோடு சேரும் இடத்தில் உள்பக்கமாக ஒரு வாய்க்கால். பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ செய்த தாழ்வாரம். கூரையில் இருந்து வழியும் தண்ணீரில் ஒரு பங்கு இந்த வாய்க்காலில் விழுந்து, இரு பக்க மூலைகளுக்குப் போய், குழாய் வழியே வண்டிக்கு அடியில் இறங்குகிறது. தண்ணீர் உள்ளே வரும் என்று கணக்குப் போட்டே அதற்கு வெளியேற வழி செய்து வைத்திருக்கிறார்கள். மொட்டைமாடியில் பெய்கிற மழையை யாரும் தடுப்பதில்லை, தூம்புவாய் வைத்து இறக்குகிறோம். அதே கணக்கு.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

ஒழுகலைத் தேடும்போது நினைவில் வைக்க வேண்டியது: சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. முன் மூலையில் நுழைந்த தண்ணீர் சட்டகத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டே போய் உங்கள் முழங்கையில் சொட்டும். பின்னால் வாய்க்காலைத் தாண்டியது இருக்கைக்கு அடியில் போய்த் தேங்கும்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து கதவுகளைச் சாத்திக்கொள்ள வேண்டும். இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்போடு. முனையில் கட்டைவிரலை வைத்துப் பீய்ச்சக் கூடாது. மழை அப்படிப் பெய்வதில்லை. தண்ணீர் தானாக வழிகிற அளவுக்கு, மெதுவாக. முக்கியமான விஷயம், கீழிருந்து மேலாகப் போக வேண்டும். முதலில் கூரையின் பின் விளிம்பு, சில நிமிடம். உள்ளே காய்ந்திருந்தால் பின் கண்ணாடியின் ஓரம். பிறகு கதவுக் கண்ணாடி, கடைசியில் முன் விளிம்பு. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும். எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. சந்தேகமுள்ள இடங்களில் உள்பக்கம் காய்ந்த டிஷ்யூ காகிதத்தைச் செருகி வையுங்கள். எந்தக் காகிதம் முதலில் கருக்கிறதோ அங்கே நோண்டுங்கள்.

உள்ளே இருப்பவர் பொறுமைசாலியாக இருப்பது நல்லது. நான் ஒருமுறை உட்கார்ந்தபோது இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பீடிங்கின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில், ஊசிமுனை அளவுக்கு ஒரு முத்து திரண்டது. அது பெருத்து, தயங்கி, ரப்பரின் அடிப்பக்கமாக ஓடி ஒரு சாண் தள்ளிச் சொட்டியது. அந்த ஓட்டத்தைப் பார்க்காமல் சொட்டிய இடத்தை மட்டும் பார்த்திருந்தால் நல்ல பீடிங்கைப் பிய்த்து எறிந்திருப்பேன்.

பின்பக்கம் ஈரம் என்றால் முதலில் வடிகால். மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியில் இந்தத் துளைகள் இருக்கைக்குப் பின்னால் இரு மூலைகளிலும் இருக்கின்றன. அடைத்துக்கொள்வதில் அவற்றுக்குப் பெயரே உண்டு. தேங்கும் தண்ணீர் கார்பெட்டை மட்டும் நனைப்பதில்லை, கதவுக்குக் கீழுள்ள தகட்டுப் பெட்டிக்குள் இறங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். 1996இல் வந்த முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் விளைவு இன்னும் மோசம். அங்கே திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கைக்கு அடியில் இருக்கிறது. வடிகால் அடைத்து, தரையில் தண்ணீர் தேங்கி, அந்தப் பெட்டி நனைந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஒரு கைப்பிடிச் சருகு செய்கிற வேலை.

அடைப்பை எடுக்க வளையும் தன்மையுள்ள, முனை மழுங்கிய எதுவும் போதும். தடித்த நைலான் கம்பி நல்லது. கூர்மையான இரும்புக் கம்பியை விட்டுக் குத்தினால் குழாய் ஓட்டையாகும். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடிப்பதும் எனக்குப் பிடிக்காது. குழாய் உள்ளே எங்காவது கழன்றுகொண்டால் அப்புறம் தண்ணீர் ஒழுங்காக வடிகிற மாதிரித் தெரியும், வடிவது வண்டிக்குள்ளே. அடைப்பை எடுத்தபின் ஒரு சொம்பு ஊற்றிப் பாருங்கள், ஊற்றியது அத்தனையும் அடியில் வர வேண்டும். வடிகால் சுத்தமாக இருந்தும் பின்னால் ஈரம் வந்தால் அந்த வாய்க்காலிலேயே விரிசல் இருக்கலாம். பழைய பிளாஸ்டிக் வாய்க்கால்கள் திருகாணி போடும் இடங்களில் வெடிப்பது சகஜம்.

முன்பக்கம் ஈரம் என்றால் பீடிங். ஒரு காகிதத் துண்டை முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் வைத்து, கூரையை மூடிப் பூட்டி, காகிதத்தை இழுங்கள். இறுக்கமாக, தயங்கித் தயங்கி வந்தால் சரி. வெண்ணெயில் இருந்து முடியை உருவுவது போல வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு கை இடைவெளி விட்டு இப்படிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். பல வண்டிகளில் பூட்டுக் கொக்கியின் தண்டு மரையுள்ளது. அதைத் திருகி நீளத்தைக் குறைத்தால் கூரை இன்னும் இறுகும். ஒரு தடவைக்கு அரைச் சுற்று, இரண்டு பக்கமும் சமமாக. பூட்டும்போது பல்லைக் கடிக்க வேண்டியிருந்தால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள்.

ரப்பர் தட்டையாகிப்போய், தொட்டால் மரத்துப் போயிருந்தால் மாற்றுவதுதான் வழி. வெறுமனே காய்ந்திருந்தால் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டு சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகத் தடவினால் மீண்டும் மென்மையாகும். சாதாரண பெட்ரோலிய கிரீஸோ எண்ணெயோ தடவாதீர்கள். இந்தப் பீடிங்குகள் பெரும்பாலும் இபிடிஎம் என்ற ரப்பர். எண்ணெய் பட்டால் ஊதிப்போய் வடிவம் கெடும்.

கதவுக் கண்ணாடி ஓரத்தில் ஒழுகினால் பீடிங்கைத் தொடும் முன் ஒரு கேள்வி: சமீபத்தில் பேட்டரியைக் கழற்றினீர்களா? இந்த வண்டிகளின் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. பல வண்டிகளில் கதவைத் திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் இறங்கி, மூடியதும் ஏறி ரப்பருக்குள் போய் உட்காரும். பேட்டரியைக் கழற்றினால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை அது மறந்துவிடும். கையேட்டில் சொன்னபடி, பெரும்பாலும் கண்ணாடியை முழுக்க ஏற்றி பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால், நினைவு திரும்பிவிடும். ஒழுகலும் நின்றுவிடும்.

காற்றிரைச்சலும் இந்தக் குடும்பம்தான். வேகம் எடுத்ததும் கதவுக்கு மேலே துணி படபடவென்று அடித்தால் பக்கவாட்டுக் கேபிள் அறுந்திருக்கும், இல்லையென்றால் அதன் ஸ்பிரிங் கழன்றிருக்கும். கேபிள் விலை அதிகமில்லை. ஆனால் துணியின் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்து, பழைய கேபிளின் முனையில் புதியதைக் கட்டி, பாவாடைக்கு நாடா கோப்பது போல இழுக்க வேண்டும். அறுந்த கேபிள் உள்ளேயே இருந்தால் அதை உருவி எறிந்துவிடாதீர்கள். புதியதை இழுக்க அதுதான் ஊசி.

துணியே கிழிந்தால்

சரி, நிஜமாகவே துணியில் ஓட்டை. ஒட்டுப் போடுவதற்கு முன் எதிர்ப்பக்கத்திலும் அதே இடத்தைப் பாருங்கள். அங்கேயும் தேய்மானம் இருந்தால் அது விபத்து இல்லை. மடியும்போது சட்டகத்தின் மூட்டு துணியைக் கடிக்கிறது. பல கூரைகளில் மடியும்போது துணியை உள்பக்கமாக இழுத்துக்கொள்ள எலாஸ்டிக் பட்டைகள் இருக்கும். அவை தொய்ந்துவிட்டால் துணி வெளியே பிதுங்கி இரும்புக்கு நடுவில் மாட்டும். பட்டையை மாற்றாமல் ஒட்டு மட்டும் போட்டால் ஒட்டும் சேர்ந்து கிழியும். ஒரு பக்கம் மட்டும், கோடு போட்டது போல வெட்டு இருந்தால் அது யாரோ கத்தி போட்டது. அதற்கு வைத்தியம் வேறு, வயிற்றெரிச்சலும் வேறு.

சிறு ஓட்டைக்கு உள்ளிருந்து ஒட்டுப் போடுவதுதான் கண்ணுக்கு உறுத்தாது. அதே வகைத் துணியில் ஒரு துண்டை வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். கூர்மூலைதான் முதலில் கிளம்பும். உள்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, இரண்டு பக்கமும் கான்டாக்ட் பசை தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு வைத்து அழுத்துங்கள். இந்தக் காத்திருப்பில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் அது ஒட்டாது, வழுக்கும். வெயிலில் கூரை கொதிக்கும், சாதாரண பசை இளகிவிடும். வெப்பம் தாங்கும் வகையா என்று டப்பாவைப் படித்து வாங்குங்கள். ஃபெவிக்விக் மாதிரியான உடனடிப் பசை மட்டும் வேண்டவே வேண்டாம். அது கல்லாகிவிடும், துணியோ மடிய வேண்டியது. அந்தக் கல்லின் ஓரத்தில் புதிதாக ஒரு கிழிசல் தொடங்கும்.

தையல் விட்டால் கையாலேயே தைக்கலாம். பிறை போல வளைந்த ஊசி ஒன்று வேண்டும், ஏனென்றால் துணியின் அடியில் கை போகாது. நூல் முக்கியம். பருத்தி நூல் மக்கும், நைலானை வெயில் தின்றுவிடும். வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூலே இதற்குச் சரி. புதுத் துளை போடாதீர்கள். பழைய தையலின் துளைகளிலேயே ஊசியை இறக்கி, அடுத்த துளையில் எடுத்து, ஒரு துளை பின்னால் வந்து மீண்டும் இறக்கி என்று போனால் மிஷின் தையலின் வரிசை கெடாது. முடித்ததும் தையல் மேல், துளைகளை அடைக்கும் சீம் சீலரை விரலால் தேய்த்துவிட வேண்டும். ஊசித் துளை ஒவ்வொன்றும் நடு ரப்பரைத் துளைத்துக்கொண்டுதானே போயிருக்கிறது?

பின் கண்ணாடிக்கு வருவோம். பழைய வண்டிகளில் அது வளையும் பிளாஸ்டிக். முதல் எம்எக்ஸ்-5இல் ஜிப் வைத்துக் கழற்றுகிற மாதிரி இருந்தது. 1998இல் வந்த அடுத்த தலைமுறையில் நிஜக் கண்ணாடி ஆனது. பிளாஸ்டிக் மங்கினால் அதற்கென்றே கிடைக்கும் பாலிஷ் போட்டுத் தெளிவாக்கலாம், மஞ்சளாகி விறைத்துவிட்டால் முடியாது. குளிரில் அதை மடிக்கவே கூடாது. அப்பளம் போல நொறுங்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போதும் மடிப்பில் ஒரு மெத்தென்ற துண்டை வைத்து மடித்தால் கோடு விழாது.

நிஜக் கண்ணாடியின் தொல்லை வேறு மாதிரி. அது துணியோடு ஒட்டப்பட்டிருக்கும். வருடங்கள் போனால் மேல் ஓரத்தில் பசை விட்டு, ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் என்று வாய் திறக்கும். உடனே சிலிக்கோன் டியூபை எடுத்துப் பிதுக்க வேண்டும் என்று கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். சிலிக்கோன் இங்கே இழுவையைத் தாங்காது. அதைவிடக் கெட்டது, அது விட்டுப்போகும் வழவழப்பின் மேல் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது. முன்கண்ணாடி ஒட்டப் பயன்படும் யுரேத்தேன் பசைதான் சரி. பழைய பசையைப் பிளேடால் சுரண்டி, பிரைமர் பூசி, கூரையின் பூட்டைக் கழற்றிச் சற்றே தூக்கி வைத்து, துணியின் இழுவை தளர்ந்த நிலையில் ஒட்டி, இரு பக்கமும் பலகை வைத்து கிளாம்ப் போட்டு, டப்பாவில் சொன்ன நேரம் முழுக்க விட வேண்டும். ஒரு நாள் முழுக்க வண்டியைத் தொடாமல் இருக்க முடியாதவர்கள் இந்த வேலையைக் கடையில் கொடுத்துவிடுவது நல்லது. ஓரமெல்லாம் விட்டு கண்ணாடி ஆடுகிறது என்றாலும் அப்படியே. வேகத்தில் கழன்று பின்னால் வருபவர் மேல் விழுந்தால்?

கூரை நகர மறுத்தால்

1939இலேயே பிளிமத் வண்டியில் இன்ஜினின் வெற்றிட உறிஞ்சலை வைத்துக் கூரையைத் தானாக மூடவைத்துவிட்டார்கள். இன்று மின்மோட்டாரோ, மோட்டாரால் ஓடும் எண்ணெய்ப் பம்போ அந்த வேலையைச் செய்கிறது. கையால் மடிக்கும் கூரையில் கெட்டுப்போக அதிகம் இல்லை. மூட்டுகளைத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துணியில் படாமல் ஒற்றி எடுத்தால் போதும்.

பொத்தானை அழுத்துகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை, ஒரு சத்தமும் இல்லை. முதலில் கருவிப்பெட்டியைத் தேடாதீர்கள், டிக்கியைத் திறந்து பாருங்கள். பல வண்டிகளில் கூரை மடிந்து வர இடம் ஒதுக்க ஒரு மடக்குத் தடுப்பு டிக்கிக்குள் இருக்கும். பெட்டியை ஏற்றும்போது யாராவது அதை மடித்துவிட்டிருப்பார்கள். அது தன் இடத்தில் இல்லையென்றால் கூரை அசையாது. டிக்கி சரியாகச் சாத்தாவிட்டாலும், சிலவற்றில் ஹேண்ட் பிரேக் போடாவிட்டாலும், வண்டி குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனாலும் அசையாது. இவை கோளாறில்லை, பாதுகாப்பு. அடுத்தது பேட்டரி. இந்த மோட்டார் நிறைய மின்சாரம் குடிக்கும். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது. ரேடியோவும் விளக்கும் எரிகிறதே என்று ஏமாற வேண்டாம், அவற்றுக்குக் கொஞ்சம் போதும். இன்ஜினை ஓடவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள். பிறகு ஃப்யூஸ்.

'டிக்' என்று ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) சத்தம் கேட்கிறது, மோட்டார் உறுமவில்லை என்றால் ரிலேயின் முனைகள் தேய்ந்து மோட்டாருக்கு மின்சாரம் போகாமல் இருக்கும் அல்லது மோட்டாரே போயிருக்கும். மல்டிமீட்டரை மோட்டாரின் இணைப்பில் வைத்து ஒருவரைப் பொத்தானை அழுத்தச் சொன்னால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். கூரையை நாலைந்து முறை விடாமல் மூடித் திறந்து நண்பர்களுக்கு வேடிக்கை காட்டியிருந்தால், மோட்டார் சூடாகித் தானே ஓய்வு எடுத்திருக்கவும் கூடும்.

மோட்டார் 'உய்ய்' என்று ஓடுகிறது, கூரை நகரவில்லை என்பது, எண்ணெய்ப் பம்பால் ஓடும் ஹைட்ராலிக் கூரையில் எண்ணெய் குறைந்ததன் அடையாளம். கையால் மூடுவதற்காகப் பம்பில் ஒரு வால்வு இருக்கும். அதை யாராவது திறந்து மறந்திருந்தாலும் இதே சத்தம்தான். எண்ணெய் தானாகக் குறையாது, எங்கோ கசிகிறது. கூரையைத் தள்ளும் சிலிண்டர்களின் தண்டு வெளியே வரும் இடத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நிரப்பும்போது மட்டும் கவனம். சில பழைய வண்டிகளில் பிரேக் எண்ணெய், சிலவற்றில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெய், பல ஐரோப்பிய வண்டிகளில் தனி ஹைட்ராலிக் எண்ணெய். மாற்றி ஊற்றினால் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள் எல்லாம் ஊதிக் கெடும். ஒரு கசிவு ஆறு கசிவாகும். கூரை திறந்திருக்கும்போது அளவு பார்க்க வேண்டுமா, மூடியிருக்கும்போதா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள்.

ஒரு பக்கம் முன்னால் போக, மறுபக்கம் நொண்டினால் உடனே பொத்தானை விடுங்கள். பின்தங்கும் பக்கத்துச் சிலிண்டரோ, கேபிள் ஓட்டும் வகையானால் அந்தப் பக்கத்துக் கேபிளோ போயிருக்கும். இழுத்து இழுத்து ஓட்டினால் சட்டகம் முறுக்கிக்கொள்ளும். சட்டகம் கோணினால் துணி புதிதாக இருந்தும் பயனில்லை. பாதி தூரம் போய் ஒரே இடத்தில் நின்றுவிடும் கூரையில் பெரும்பாலும் சென்சாரோ சின்ன சுவிட்சோதான் கோளாறு. கூரையின் ஒவ்வொரு நிலையையும் அவைதான் கணினிக்குச் சொல்கின்றன. அவற்றுக்குப் போகும் வயர்கள் மடியும் இடங்களில் ஆயிரக்கணக்கான முறை வளைந்து, வெளியே உறை நன்றாக இருக்க உள்ளே செம்பு மட்டும் ஒடிந்திருக்கும். பொத்தானை அழுத்திக்கொண்டே அந்த வயர்க்கட்டை அசைத்தால் கூரை உயிர் பெறுகிறதா என்று இன்னொருவரை விட்டுப் பாருங்கள். ஆனால் அசைப்பவர் கை சட்டகத்துக்கு நடுவில் போகக் கூடாது. பாதியில் நிற்கும் கூரையைக் கட்டையால் முட்டுக் கொடுக்காமல் அதன் அடியில் எந்த வேலையும் செய்யாதீர்கள். சில வண்டிகளில் சிறிது நேரத்தில் ஹைட்ராலிக் அழுத்தம் தானே இறங்கிவிடும், கூரையும் கூடவே இறங்கும். கத்தரிக்கோலுக்கு நடுவில் விரல் வைத்த கதைதான்.

கழுவுவதும் காயவைப்பதும்

இதற்குக் கொஞ்சம் போதும். மென்மையான தூரிகை, மிதமான சோப்பு, நிறையத் தண்ணீர். வேகமாகப் பீய்ச்சும் வாட்டர் வாஷ் குழாயைத் துணிக்கு அருகே கொண்டுபோகாதீர்கள், அது நெசவைப் பிளந்து தையலுக்குள் தண்ணீரை ஏற்றும். பறவை எச்சத்தை ஊறவைத்து எடுங்கள், தேய்க்காதீர்கள். சோப்பு முழுக்கப் போன பிறகு, துணி முழுக்கக் காய்ந்த பிறகு, நீர்விலக்கித் தெளிப்பானை இரண்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள். கண்ணாடியையும் பெயின்ட்டையும் முன்பே மூடி வையுங்கள். எப்போது மீண்டும் அடிப்பது என்பதை மழையே சொல்லும். தண்ணீர் தாமரை இலை மேல் உருளுவது போல உருண்டால் இன்னும் இருக்கிறது, பரவி ஊறினால் தீர்ந்துவிட்டது.

ஈரமான கூரையை மடித்து வைக்காதீர்கள். அவசரத்துக்கு மடித்தால் வீடு சேர்ந்ததும் மூடிக் காயவிடுங்கள். மடிப்புக்குள் ஈரம் தங்கினால் கரும்புள்ளிப் பூஞ்சை பிடிக்கும், அந்தப் புள்ளி போகாது.

நண்பர் வண்டிக்கு வருகிறேன். அடைப்பை எடுத்த பிறகும் ஒரு வாரம் அந்த வாடை இருந்தது. கார்பெட் மேலே காய்ந்துவிட்டது, ஆனால் அதற்கு அடியில் ஒரு கனமான ஸ்பாஞ்ச் மெத்தை இருப்பதை நாங்கள் யோசிக்கவில்லை. இருக்கைகளைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி அந்த மெத்தையை வெளியே இழுத்தபோது இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. பிழிந்தோம், பழுப்பு நிறத்தில் அரை வாளி தண்ணீர். அதைச் சுவரில் சாய்த்துக் காயவிட்டு, வெறும் தகட்டைத் துடைத்து, துரு பூத்திருந்த இரண்டு இடங்களைச் சுரண்டிப் பெயின்ட் தொட்டு வைத்தோம். மெத்தை காய நான்கு நாள் ஆனது. அதுவரை அவர் ஓட்டுநர் இருக்கையை மட்டும் திரும்ப மாட்டி வண்டி ஓட்டினார், கூரையைத் திறந்துபோட்டபடி.